வெற்றுக் கூடும் விரைந்த கையும்

ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்காகக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறிவருவோரிற் பெரும்பாலோர், அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நனைந்து, மலைவாழைப்பழச் சீப்போடு மாலைக்குள் இறங்கிவிடுவர்; நான் மட்டும் ஏனோ வில்வித்தைப் போட்டி நடக்கும் திடலின் ஓரத்தில் ஒரு மரநிழலைப் பிடித்துக்கொண்டு பொழுதைக் கழித்துவிடுவது வழக்கம். யானை தொடங்கி உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை ஒரே அம்பு துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கும் அந்த வேட்டுவனாகிய ஓரியின் மலையில், இம்முறை என் பக்கத்தில் வந்தமர்ந்தவர், போலீஸ் பயிற்சிக்களத்தில் நெடுங்காலம் கைத்துப்பாக்கி கற்பித்து ஓய்வு பெற்றவர். பேச்சு அம்பிலிருந்து தோட்டாவுக்கு நகர்ந்தது. “அம்புக்கு அந்தத் தொல்லை இல்லை அய்யா. பிஸ்டலில் எம்ட்டி, அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு, மாட்டிக்கொண்டால் எங்களிடம் மருந்து ஒன்றுதான்: தட்டு, இழு, சுடு. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அதற்குமேல் ஒரு வைத்தியம் தேவைப்பட்டதில்லை” என்று அவர் நிறைவோடு சொன்னார். அந்த நிறைவே இக்கட்டுரைக்குக் காரணம்.

தோட்டாக்கள் அடுக்கிய மேகசினின் அடியை உள்ளங்கையால் தட்டி, துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியாகிய ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டு, மறுபடியும் குறி பார்க்கும் இம்முறை, 1976-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜெஃப் கூப்பர் நிறுவிய பள்ளியைப் போன்ற இடங்களிலே செம்மைபெற்று, இன்று துப்பாக்கி பழகுவோர் யாவர்க்கும் அரிச்சுவடியாகிவிட்டது. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. எதிரே ஆயுதத்தோடு ஒருவன் நிற்கையில் காரண காரிய விசாரணைக்கு அவகாசமில்லை. அப்போது மனிதனைக் காப்பது மூளையன்று, கைக்குள் ஊறிப்போன பழக்கமே. தோட்டா அமரும் அறையாகிய சேம்பருக்குள்ளேயே கூடு ஒட்டிக்கொண்டு, அடுத்த ரவுண்டு அதன் முதுகில் முட்டி நிற்கும்போது இந்த உபாயம் பலிக்காது என்பதையும், மேகசினை உருவியெடுத்துச் செய்யவேண்டிய வேறொரு முறை அதற்கு உண்டு என்பதையும் நல்ல ஆசிரியர்கள் தாமே கற்பிக்கிறார்கள். ஆகவே அதைக் குறையென்று சொல்வதும் நியாயமாகாது. இவ்வளவும் அதற்குரிய புகழ். இனி என் வழக்கு.

போர்க்களத்துக்கென்று வகுத்த முதலுதவி, பயிற்சிக்களத்துக்கு இடம்பெயர்ந்து வந்து, அங்கே சிகிச்சையின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொண்டது என்பதே என் நெடுநாளைய ஆட்சேபம். துப்பாக்கி ஏன் நின்றது என்ற கேள்விக்கு, அது மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது என்பதையே விடையாக ஏற்றுக்கொள்ளும் மனோபாவத்தை இம்முறை வளர்த்திருக்கிறது. இழுத்த கையின் வேகத்தில், எது நிகழ்ந்தது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியாகிய வெற்றுக் கூடு, புல்லுக்குள் தெறித்து விழுந்து, மற்றக் கூடுகளோடு கலந்து அடையாளமிழந்து போகிறது.

அது எத்தகைய சாட்சி என்பதை உணர, யந்திரத்தின் ஒழுங்கைச் சிறிதேனும் நினைவுகூர வேண்டும். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-இல் மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதனின் கையிலிருந்த பெல்ஜியத் துப்பாக்கியின் வாயிலாகத் தமிழ் வாசகர் பலர்க்கும் அறிமுகமான பெயர் பிரௌனிங் என்பது. அப்பெயருக்குரிய அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தொடங்கிவைத்து 1926-இல் மறைந்த பின், பெல்ஜியத்தில் மற்றவர் முடித்து 1935-இல் வெளிவந்த ‘ஹைபவ’ரின் வழித்தோன்றலே, நம் இஷாப்பூர்த் தொழிற்சாலையில் உருவாகிப் படையினரும் போலீஸாரும் ஏந்தும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி. ரவுண்டு வெடித்ததும் ஸ்லைடு பின்னோக்கிப் பாய்கிறது. அதிலுள்ள எக்ஸ்ட்ராக்டர் என்னும் சிறு கொக்கி, கூட்டின் விளிம்பைப் பற்றிச் சேம்பரிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது. உடற்சட்டத்தில் அசையாமல் நிற்கும் எஜெக்டர் என்னும் முளை, கூட்டின் பின்முகத்தில் மறுபக்கமாக மோதி, அதைச் சாளரத்தின் வழியே வெளியே எறிகிறது. கொக்கி, முளை, ஸ்லைடின் வேகம் என்னும் இம்மூன்றில் எது தவறினாலும் கூடு வெளியேறாது. ஆயின் எது தவறியதோ அது, கூட்டின் பித்தளையின் மீது தன் கையெழுத்தை இட்டுவிட்டே தவறுகிறது. அதிலேதான் வியப்பு இருக்கிறது.

சேம்பரில் தங்கிவிட்ட கூட்டை எடுத்துப் பாருங்கள். விளிம்பு ஆழமாகக் கிழிந்திருந்தால், கொக்கி தன் கடமையைச் செய்தது. கூட்டை விடாமற் பிடித்துக்கொண்டது சேம்பர்தான். அங்கே அழுக்கோ துருவோ சொரசொரப்போ இருக்கிறதா என்று தேடவேண்டும். விளிம்பில் மெல்லிய கீறல் மட்டும் இருந்தால், கொக்கி நழுவியிருக்கிறது. அதன் முனை தேய்ந்ததா, அடியில் கரி சேர்ந்ததா, அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்க்கவேண்டும். சாளரத்தில் அடுப்புப் புகைபோக்கியைப் போல் நட்டுக்கொண்டு நிற்கும் கூட்டின் பின்முகத்தில் முளையின் வடு தெளிவாக இல்லையானால், ஸ்லைடு போதிய வேகத்தோடு பின்வரவில்லை, அல்லது முளையை அடையுமுன்பே கூடு கொக்கியிலிருந்து வழுவிவிட்டது என்று கொள்ளலாம். பக்கங்களிற் புகைக்கரி படிந்திருந்தால், கூடு விரிந்து சேம்பரை அடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழவில்லை. வெடிமருந்து வலுவிழந்த ரவுண்டின் மீதே முதற் சந்தேகம் விழவேண்டும். எல்லாக் கூடுகளும் காலடியிலேயே விழுகின்றனவா, அல்லது ஒன்று காலடியிலும் ஒன்று தோளுக்குப் பின்னாலும் ஒன்று முகத்திலுமாகத் திசைமாறித் தெறிக்கின்றனவா என்பதுகூட வெவ்வேறு கதைகளைச் சொல்லும். மேகசின்களுக்கு எண்ணிட்டு வைப்பதும், எந்தப் பெட்டியின் ரவுண்டு என்று குறித்துவைப்பதும் இச்சாட்சியத்துக்குத் துணைநிற்கும் இரண்டு எளிய காரியங்கள்; இவற்றுக்கு வேண்டியது ஒரு பென்சிலும் சிறிது பொறுமையுமே.

பொறுமைக்குப் பதிலாக நம்மிடம் இருப்பது ஒரு பழிச்சொல். கூடு இரண்டாம் முறையும் மாட்டிக்கொண்டதென்றால், “கை தளர்ந்திருக்கிறது” என்பார்கள். அது பொய்யன்று, ஸ்லைடு பின்னோக்கிப் பாய்வதற்கு உடற்சட்டம் உறுதியாக நின்றாக வேண்டும், சட்டமும் கையோடு சேர்ந்து பின்வாங்கினால் பாய்ச்சல் குறுகிப்போகும் என்பது மெய்யே. ஆனால் மெய்யான ஒரு காரணம், விசாரணையின்றி எல்லா வழக்குக்கும் தீர்ப்பாகிவிடும்போது, பொய்யைக் காட்டிலும் அதிகத் தீங்கு செய்கிறது. அதே துப்பாக்கியை, அதே மேகசினோடு, வேறு இருவர் கையிற் கொடுத்துப் பார்ப்பதும், அதே கையில் வேறொரு துப்பாக்கியைக் கொடுத்துப் பார்ப்பதும் கால்மணி நேரத்துப் பரீட்சை. அதைச் செய்து காட்டிய பயிற்சியாளர் ஒருவரையும் நான் கண்டதில்லை. 2011-இல் க்ளாக் நிறுவனம் தன் நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளின் ரீகாயில் ஸ்பிரிங்கைத் தானே முன்வந்து மாற்றிக் கொடுத்தது. ஹைபவரில் உள்ளடங்கியிருந்த எக்ஸ்ட்ராக்டரை 1962-ஆம் ஆண்டளவில் அதைச் செய்தவர்கள் வெளிப்புறக் கொக்கியாக மாற்றியமைத்தார்கள். உலகத்தார் அனைவரின் மணிக்கட்டுமே குற்றவாளி என்றால், செய்தவர்கள் ஸ்பிரிங்கையும் கொக்கியையும் மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. மருந்து மிகவும் குறைந்த ரவுண்டு ஒன்று, குண்டைக் குழலின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தானும் அடங்கிவிடக்கூடும். அதன் வெளி அடையாளம் என்ன? வெடியோசை மெலிந்திருக்கும், ஸ்லைடு அரைகுறையாக வந்து திரும்பும், கூடு வெளியேறாது. அதாவது, எந்த அடையாளத்தைக் கண்டவுடன் தட்டி இழுத்துச் சுடும்படி கையைப் பழக்கியிருக்கிறோமோ, அதே அடையாளம். பழகிய கை பழகியவாறே செய்யும். அடைபட்ட குழலுக்குள் அடுத்த குண்டு பாயும். குழல் புடைக்கும், அல்லது வெடிக்கும். எதிரியே இல்லாத பயிற்சிக்களத்தில், அட்டைப் பொம்மைக்கு முன்னால், எந்த உயிரைக் காப்பதற்காக இந்த அவசரம்?

பழையவர்கள் இவ்வளவு அவசரப்படவில்லை. பிரென் யந்திரத் துப்பாக்கிக்கு வகுக்கப்பட்ட பழைய பயிற்சியில், முதல் முறை நின்றால் விரைவான ஒரு செயல் உண்டு. மறுபடியும் நின்றால், வாயு செல்லும் துளையைப் பெரிதாக்கி வைக்கும்படி விதி. விரைவோடு காரணத்துக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. விளையாட்டுத்துறையோ இன்னும் தெளிவானது. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வென்றாரே, அந்த 25 மீட்டர் விரைவுச் சுடுதலில், துப்பாக்கி நின்றுவிட்டால் வீரன் அதை இலக்கை நோக்கியே பிடித்தபடி மற்றக் கையை உயர்த்தவேண்டும்; அதிகாரி வந்து பார்க்குமுன் யந்திரத்தைத் தொட்டுவிட்டால், அது பொறுத்துக்கொள்ளத்தக்க கோளாறாகக் கருதப்படாது. நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இடத்திலேயே ‘தொடாதே, முதலில் பார்க்கவேண்டும்’ என்ற ஒழுங்கு நிலைத்திருக்க, நாள் முழுதும் கையிலுள்ள பயிற்சிக்களத்தில் மட்டும் ‘பார்க்காதே, இழு’ என்பது வேதமாகிவிட்டது.

நம் நாட்டிலோ இந்த அறியாமைக்குச் சாக்குப்போக்கும் கிடையாது. கூடுகள் காணாமற்போகின்றன என்று சொல்ல இயலாத நாடு இது. சுட்ட ரவுண்டுக்கு ஈடாக வெற்றுக் கூட்டைக் கணக்குக் காட்டித் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்ற விதியினால், சுடுதல் முடிந்ததும் காவலர் வரிசையாகக் குனிந்து புல்லுக்குள் எம்ட்டி பொறுக்கும் காட்சியை, எந்தப் பயிற்சிக்களத்தின் வேலிக்கு அப்பால் நின்றும் காணலாம். ஒன்று குறைந்தால் மாலைவரை தேடுவார்கள். பிறகு எண்ணிச் சாக்கிற் கட்டிப் பதிவேட்டில் ஒப்பமிட்டு அனுப்பிவிடுவார்கள். அத்தனை சாட்சிகளையும் பிடித்து நிறுத்தி, தலையை மட்டும் எண்ணிவிட்டு, ஒருவரையும் ஒரு வார்த்தை கேளாமல் திருப்பியனுப்பும் நீதிமன்றம் வேறெங்கேனும் உண்டா?

அதே கூடு, கொலை நடந்த இடத்திற் கிடந்தால் மட்டும் அதன் மதிப்பே வேறு. 1849-இலேயே அரசாங்க ரசாயனப் பரிசோதகரின் கூடத்தைக் கண்ட சென்னையில், இன்றும் தடய அறிவியல் நிபுணர்கள் கொக்கியின் கீறலையும் முளையின் வடுவையும் நுண்ணோக்காடியின் கீழ் வைத்து ஒப்பிட்டு, இன்ன துப்பாக்கிதான் என்று நீதிமன்றத்தில் உரைக்கிறார்கள். மனிதன் மாண்டபின் அந்த வடுவைப் படிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, துப்பாக்கி நோயுற்றிருக்கும்போது அதைப் படிக்கத் தோன்றவில்லை. பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் துப்பாக்கி போய்ச்சேரும்போது ‘அடிக்கடி நிற்கிறது’ என்ற இரண்டு சொற்களே உடன் போகின்றன. அவரும் பாவம், எண்ணெயிட்டுத் துடைத்து, கையில் அகப்பட்ட ஸ்பிரிங்கை மாற்றி, திருப்பியனுப்புகிறார். தட்டு, இழு, சுடு என்பதன் கிடங்குப் பதிப்பு அது. இம்முறையைப் போற்றுவோர், காரணத்தை அறிய விரும்பாதவர்கள் மட்டுமல்லர், அறிந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்கள் என்றே எனக்குத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. கடுஞ்சொல்தான், ஆயினும் அதைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கில்லை.

இவற்றிற் பாதியை அந்தத் திடலோரத்திலேயே நண்பரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் கொடுத்தனுப்பிய எம்ட்டிகளில் விளிம்பு கிழிந்தவை எத்தனை இருந்திருக்கும்?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “என் காலத்தில் ஒரு எம்ட்டிகூடக் குறைந்ததில்லை அய்யா” என்றார்.

எதிரே போட்டியின் ஒரு சுற்று முடிந்து, வில்லாளிகள் இலக்குப் பலகையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். மலையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கண்ணுக்கு நேரே நீட்டித் தண்டின் கோணலைப் பார்த்து, விரல்களுக்கிடையே உருட்டி, இறகை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்தது, அவர் அவசரப்படவில்லை. ஓர் அம்பை மறுபடியும் ஒருமுறை உருட்டிப் பார்த்து, அதைத் தனியே புல்லின்மேல் வைத்துவிட்டு, மற்றவற்றோடு வரிசைக்குத் திரும்பினார்.