வட்டமாகத் தெரியாத புள்ளி

என் மகள் அதைக் கை நீட்டிப் பிடித்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள். "நல்லா வட்டமாத்தானேப்பா இருக்கு?" என்றாள். துப்பாக்கியிலிருந்து கழற்றி, ரெட் டாட் குறிக்கருவியை மட்டும் அவளிடம் கொடுத்திருந்தேன். மூன்று வாரமாக அந்தச் சிவப்புப் புள்ளி எனக்கு ஒரு தடவைகூட வட்டமாகத் தெரிந்ததில்லை. வால் முளைத்த காற்புள்ளி மாதிரி தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் நசுங்கிய திராட்சைக் கொத்து. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, திருப்பி அனுப்பப் பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தேன்.

அந்தத் துப்பாக்கி மான் வேட்டைக்கானது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் நாம் வளர்ந்தோம். நான் குடியிருக்கும் ஓஹையோவின் கதை வேறு. இங்கே 1904 வாக்கில் வெள்ளைவால் மானே இல்லாமல் அற்றுப்போயிருந்தது. பிறகு அதை மீட்டுப் பெருக்கி, உரிமமும் பருவமும் வகுத்து, இன்று ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் வேட்டையாட விடுகிறார்கள். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்களன்று துப்பாக்கி வாரம் தொடங்கும். கைத்துப்பாக்கியும் அதில் உண்டு. குழல் குறைந்தது 5 அங்குலம், தோட்டா .357 அல்லது அதற்குப் பெரியது, நேர்ச்சுவர் உறை கொண்டதாக இருக்க வேண்டும்.

என்னுடையது ரூகர் சூப்பர் ரெட்ஹாக். .44 மேக்னம், ஏழரை அங்குலக் குழல், ஒன்றரைக் கிலோ. 1987-இல் வந்த இந்த ரிவால்வரைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதன் வேகமும் உதையும் ஊரறிந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களுக்கான இடம் சட்டகத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. குழலில் துளை போட்டு, தகடு வைத்து, திருகு முடுக்கும் வேலை கிடையாது. அந்த ஒன்றுக்காகவே இதை வாங்கினேன், இன்றும் வருந்தவில்லை.

பத்து வருடங்கள் அதன் இரும்புக் குறியை வைத்தே சுட்டேன். நாற்பத்தைந்து தாண்டியதும் வெள்ளெழுத்து வந்தது. இரும்புக் குறியில் கண் மூன்று இடங்களைப் பார்த்தாக வேண்டும்: பின்னால் உள்ள வெட்டு, முன்னால் உள்ள முனை, அதற்கப்பால் மான். மூன்றும் மூன்று தூரம். இளம் கண் இவற்றுக்கிடையே தாவித் தாவிச் சமாளிக்கும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு முன்முனை பஞ்சு போலாகிவிடுகிறது. 50 கஜத்தில் நிற்கும் மானின் நெஞ்சில் அடிக்க வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு, 8 அங்குலம். பஞ்சு முனையை வைத்துக்கொண்டு அந்தத் தட்டுக்குள் அடிப்பேன் என்று நான் உறுதி சொல்ல முடியாது. காயத்தோடு தப்பிய மான் புதருக்குள் கிடந்து சாக இரண்டு நாள் ஆகலாம். எந்தக் கருவியை வாங்கினாலும் எனக்கு இருக்கும் ஒரே கேள்வி, அந்தத் தட்டுக்குள் அடிக்க முடியுமா என்பதுதான்.

எல்லோரும் ரெட் டாட்டைக் கைகாட்டினார்கள். சுவீடனின் எய்ம்பாயிண்ட் 1975-இல் கொண்டுவந்த வித்தை அது. ஒரு சின்ன விளக்கின் ஒளியைச் சாய்வான கண்ணாடி நம் பக்கம் திருப்பி அனுப்பும். புள்ளி இலக்கின் மேலேயே மிதப்பது போலத் தெரியும். எதையும் நேர்ப்படுத்த வேண்டாம், தலை சற்று விலகினாலும் பரவாயில்லை, இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம். வெள்ளெழுத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்பது முழு உண்மை. மாலை இருட்டில், ஓஹையோ சட்டம் அனுமதிக்கும் கடைசி அரைமணியில், அது எரிவதைப் பார்த்தால் ஆசைதான் வரும்.

ஆனால் எனக்கு இருப்பது வெள்ளெழுத்து மட்டும் அல்ல. மகள் சொன்னதைக் கேட்டுக் கைப்பேசியால் அந்தக் கண்ணாடி வழியே ஒரு படம் எடுத்தேன். படத்திலும் புள்ளி வட்டம். தலையைச் சாய்த்தேன், காற்புள்ளியின் வால் என் தலையோடு சேர்ந்து சுற்றியது. காகிதத்தில் ஊசித்துளை போட்டு அதன் வழியே பார்த்தேன், வால் மறைந்தது. கோளாறு என் வலது கண்ணில். கண் மருத்துவர் போன வருடமே சீட்டில் எழுதியிருந்தார்: சிலிண்டர் பவர் 1.75. கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாவிட்டால் ஒளிப்புள்ளி ஓர் இடத்தில் குவியாது, கோடாக இழுபடும். படிக்கும் எழுத்தில் இதைப் பெரிதாக உணர மாட்டோம். இருட்டில் எதிரே வரும் காரின் விளக்கு நட்சத்திரமாகச் சிதறுகிறதா? அதே கோளாறுதான்.

அழகுக் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் போட்டால் தெரியும். என் கருவியில் புள்ளியின் அளவு 3 எம்ஓஏ, அதாவது 3 கோண நிமிடம். 50 கஜத்தில் அது ஒன்றரை அங்குலம் மறைக்க வேண்டும். என் கண்ணுக்கு அது 5 அங்குலக் கறையாகத் தெரிந்தது. 8 அங்குலத் தட்டில் 5 அங்குலக் கறை. அதில் நடு எது, வால் எது? முக்காலியில் கையை ஊன்றி ஆறு தோட்டா சுட்டால் 7 அங்குலத்துக்குச் சிதறின. வெளிச்சத்தைக் குறைத்தால் கறை சுருங்கியது. ஆனால் பகல் வெயிலில், உதிர்ந்த ஓக் இலைகளின் மேல், அந்த மங்கிய புள்ளி காணாமலே போனது. சிலிண்டர் பவரோடு தூரப் பார்வைக் கண்ணாடி எழுதி வாங்கிப் போட்டேன். பாதி சரியானது. ஆனால் தொப்பியும் தூறலுமாக மரத்தடியில் உட்கார்ந்திருக்கையில் பார்வை லென்சின் நடுவில் போவது அபூர்வம்.

போன வருடத் துப்பாக்கி வாரத்தில் ஒரு பெண் மான் 60 அடியெடுப்பு தூரத்தில் பக்கவாட்டில் நின்றது. கறை அதன் தோள் முழுவதையும் மூடியது. நான் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டேன்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மூன்று கடைகளில் விசாரித்தேன். மூவரும் "வயசான கண்ணுக்கு ரெட் டாட்தான்" என்றார்கள். உங்களுக்குச் சிலிண்டர் பவர் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. செருப்புக் கடையில்கூட முதலில் கால் அளவைக் கேட்கிறார்கள். ப்ரிசம் ஸ்கோப் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருப்பதால் அதில் கறை வராது என்பது சரி. ஆனால் அதைக் கண்ணுக்குச் சில அங்குலம் முன்னால் வைத்தால்தான் முழுப் படமும் தெரியும். கை நீளத்தில் பிடிக்கும் .44-க்கு அது உதவாது. சாதாரண ரைபிள் ஸ்கோப்பும் அதே காரணத்தால் ஆகாது.

ஆக, மிஞ்சியது கைத்துப்பாக்கிக்கென்றே செய்த ஸ்கோப். முதலில் ஒரு நண்பரின் 4 மடங்கு ஸ்கோப்பை மாட்டினேன். கை நடுக்கமும் நான்கு மடங்காகத் தெரிந்தது, மானைக் கண்ணாடிக்குள் தேடிப் பிடிக்கவே நேரம் போனது. பிறகு, பழைய சாமானாக ஒரு லூப்போல்டு எஃப்எக்ஸ்-2, 2x20 கிடைத்தது. லூப்போல்டு மேல் எனக்குப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. 1907-இல் நில அளவைக் கருவி பழுதுபார்க்கும் கடையாக ஓரிகனில் தொடங்கிய குடும்பம் அது. ஸ்கோப்பில் ஆவி படிந்து மானைத் தவறவிட்ட மார்கஸ் லூப்போல்டு, இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று இறங்கினார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை. 1947-இல் அவர்களுடைய முதல் ஸ்கோப் வந்தது. ஓரிகன் மழைக்குச் செய்த பொருள் ஓஹையோ தூறலைத் தாங்குகிறது.

பத்து வாரமாக இதோடுதான் இருக்கிறேன். குறுக்குக்கோடு மையால் இழுத்த கோடு போலத் தெரிகிறது. கோடும் மானும் ஒரே தளத்தில் நிற்பதால் வெள்ளெழுத்துக்கும் வேலையில்லை. அதே முக்காலி, அதே 50 கஜம், அதே 240 கிரெய்ன் தோட்டா. ஆறும் 3 அங்குலத்துக்குள். முந்நூறு தோட்டாவின் உதைக்குப் பிறகும் வளையத்தில் அது நகரவில்லை. மின்கலம் இல்லை என்பதையே நான் மறந்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. தலை நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் படத்தின் ஓரம் கருத்துவிடும். வீட்டில் தோட்டா இல்லாமல் தினம் இருபது தடவை தூக்கிப் பார்த்து, இரண்டு வாரத்தில்தான் கை பழகியது. அந்தி முற்றியதும் கருங்கோடு கரும் மரத்தில் கரைந்துவிடுகிறது. சட்டம் தரும் அரைமணியில் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு இல்லை. ஓடும் மானுக்கும் இது ஆகாது. ஓடும் மானைக் கைத்துப்பாக்கியால் நான் சுடுவதும் இல்லை.

இந்தப் பருவத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஒரு மான், 45 அடியெடுப்பில். ஒரே தோட்டா. முப்பது அடியெடுப்புக்குள் விழுந்தது.

சிலிண்டர் பவர் இல்லாதவர்களுக்கு ரெட் டாட்டையே சொல்வேன்; வேகத்தில் ஸ்கோப் அதன் பக்கத்தில் வர முடியாது. இருப்பவர்களுக்கு 2 மடங்கு ஸ்கோப், அதற்கு மேல் வேண்டாம். கடைக்குப் போகும்போது கண் மருத்துவரின் சீட்டையும் எடுத்துப் போங்கள். கருவியை எரியவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, தூரத்து மரத்தைப் பாருங்கள். தலையை இடமும் வலமும் சாயுங்கள். தலையோடு சேர்ந்து புள்ளியின் வால் சுற்றினால் வாங்காதீர்கள்.