கன்னிமாரா நூலகம்: காத்தலும் காட்டலும்

சென்னை எழும்பூரில் 1896 டிசம்பர் 5ஆம் நாள் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1950 முதல் மாநில மைய நூலகமாகவும், 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி நாட்டின் நான்கு வைப்பு நூலகங்களுள் ஒன்றாகவும் விளங்குகிறது. வைப்பு நூலகம் என்பது, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைப் பதிப்பாளரிடமிருந்து விலையின்றிப் பெற்று, அதை நிலையாகக் காக்கும் பொறுப்பேற்ற நூலகம். இங்கேயே உறுப்பினர்களுக்கு நூல்களை இரவல் தரும் பிரிவும் இயங்குவதால், வரப்போகும் தலைமுறைக்காகக் காத்தலும் இன்றைய வாசகருக்குக் காட்டலும் ஒரே கூரையின்கீழ் நடந்தாக வேண்டியுள்ளது.

ஒரே நூலை நான்கு நகரங்களில் வைக்கும் ஏற்பாடு இச்சட்டத்தின் பெரும் வலிமை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த சுமார் 97,000 நூல்களிலும் சுவடிகளிலும், வேறெங்கும் படி இல்லாதவை அடியோடு போயின என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஆயினும், வெளியான 30 நாள்களுக்குள் படியை அனுப்பத் தவறும் பதிப்பாளருக்குச் சட்டம் குறித்த தண்டம் அதிகபட்சம் 50 ரூபாயும் நூலின் விலையுமே என்பதாலும், மின்னூல்கள் அதன் வரையறைக்குள் வராததாலும், இவ்வலிமை பாதியளவே பயன்படுகிறது.

காத்தலில் பெரும் பகை, காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. மரக்கூழிலிருந்து செய்து படிகாரம் சேர்த்துப் பதப்படுத்திய 19ஆம் நூற்றாண்டுத் தாள், தன்னுள் இருக்கும் அமிலத்தால் பழுத்து நொறுங்குகிறது; சென்னையின் ஈரக்காற்று அதை விரைவுபடுத்த, கரையானும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை அரிக்கின்றன. கையால் செய்யும் அமில நீக்கமும் மெல்லிய தாள் ஒட்டிச் செப்பனிடுதலும் ஒவ்வோர் ஏடாகச் செய்ய வேண்டியவை ஆதலால், மின்னுருவாக்கம், அதாவது பக்கங்களைப் படமாக்கிக் கணினியில் சேமித்தல், எளிய வழியாகத் தோன்றுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வழியாகப் பழைய தமிழ் நூல்கள் கடல் கடந்த வாசகருக்கும் கிடைப்பது பெரும் பேறுதான். ஆனால் படம் எடுத்தாயிற்று என்று மூல நூலைக் கவனியாது விடுவது பிழை. கட்டமைப்பும் தாளின் இயல்பும் ஓரக்குறிப்பின் மையும் படத்தில் முழுமையாக வாரா.

இவற்றினும் ஆழமான குறை பட்டியலாக்கத்தில் நேர்கிறது. பட்டியலாக்கம் என்பது நூலின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பொருள் ஆகியவற்றைப் பதிந்து, வாசகர் எவ்வழியில் தேடினும் அந்நூலை அடையச் செய்யும் பணி. மறைமலையடிகளின் தொடக்ககால நூல்கள் வேதாசலம் என்ற பெயரில் வந்தவை, சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே. ஒருவருடைய இரு பெயர்களையும் இணைக்கும் குறிப்பு பட்டியலில் இல்லையென்றால், ஒரு பெயரில் தேடுபவர் மற்றப் பெயரிலுள்ள நூலைக் காணமாட்டார். ழகரத்தையும் ளகரத்தையும் ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும்போதோ, ஒரே நூல் இரு நூல்களாகப் பதிவாகிவிடும். எந்தத் தமிழ்ப் பட்டியலுக்கும் உள்ள இவ்விடரைக் கணினி தானே தீர்க்காது. பிழையான பதிவை அது இன்னும் வேகமாகப் பரப்பவே செய்யும்.

2023 அக்டோபரில் லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, நூல்கள் அடுக்குகளில் பத்திரமாக இருந்தும், இணையப் பட்டியல் மாதக்கணக்கில் முடங்கியதால் வாசகர் அவற்றை வழக்கம்போலப் பெற முடியவில்லை. பட்டியல் இழந்தால் காத்த நூலும் கைக்கு எட்டாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே கன்னிமாராவுக்கு நிதி ஒதுக்குவோர், படமெடுக்கும் கருவிகளுக்குத் தரும் அக்கறையைத் தமிழ் நூல் வரலாறு அறிந்த பட்டியலாளர்களை அமர்த்துவதிலும் காட்ட வேண்டும். பதிப்பாளர்களும் தண்டத்தின் அளவைப் பாராமல், வெளியிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைத் தவறாமல் அங்கே சேர்ப்பிக்க வேண்டும்.