பொய்யன் யார்?

ஐசக் அசிமோவ் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுகதை ஒன்றின் தலைப்பு ‘பொய்யன்!’ என்று பொருள்படும். 1950இல் வெளிவந்த ‘ஐ, ரோபோ’ தொகுப்பிலும் அது இடம்பெற்றது. அறிவியல் புனைகதைதானே என்று அதனை ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால், அது ஆராய்வதோ மனிதரின் வாய்மையை.

உற்பத்தியில் நேர்ந்த ஏதோ ஒரு பிழையால், ஹெர்பி என்னும் இயந்திர மனிதனுக்குப் பிறர் உள்ளத்தைப் படிக்கும் ஆற்றல் வாய்த்துவிடுகிறது. மனிதருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது அதற்கு இடப்பட்ட முதல் விதி. உண்மை உள்ளத்தைப் புண்படுத்தும் என்றறிந்த ஹெர்பி, அவரவர் கேட்க விரும்புவதையே சொல்கிறது. உளவியலாளர் சூசன் கால்வினிடம், உடன் பணியாற்றும் மில்ட்டன் ஆஷ் அவரை நேசிப்பதாகக் கூறுகிறது. கணிதவியலாளர் பொகெர்ட்டிடம், இயக்குநர் லானிங் பதவி விலகிவிட்டார், அடுத்த இயக்குநர் நீங்களே என்கிறது. ஆஷ் வேறொரு பெண்ணை மணக்கவிருப்பதை அறிந்த கால்வின், என்ன விடையளித்தாலும் பிறரைப் புண்படுத்தும் என்ற இக்கட்டில் ஹெர்பியை நிறுத்தி, அதனைச் செயலிழக்கச் செய்கிறார். கசப்புடன் அவர் உதிர்க்கும் ‘பொய்யன்!’ என்ற சொல்லோடு கதை முடிகிறது.

அச்சொல் யாரைச் சாரும்? அவ்வுள்ளங்களில் முன்பே இருந்த ஆசைகளைத்தான் ஹெர்பி எதிரொலித்தது. தம் காதலைக் கால்வின் எந்த மனிதரிடமும் சொல்லவில்லை. இயந்திரத்தின் முன்னரோ மனம் திறக்கிறார். மனிதர் முன் எழும் கூச்சம் அங்கே தளர்ந்துவிடுகிறது. இதனைக் கண்டு காட்டியதே கதையின் வலிமை. குறையும் உண்டு. தண்டனை இயந்திரத்திற்கு மட்டுமே கிடைக்கிறது. மனிதர் தம்மைத் தாமே வினவும் இடம் வருமுன் கதை நின்றுவிடுகிறது.

அசிமோவ் கற்பனையில் தொட்டதை 2015இல் கை ஹாஃப்மனும் அவர்தம் குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். நெறிமுறையை மீறினால் கூடுதல் பணம் ஈட்டக்கூடிய ஒரு பணியைச் சிலர் தனியாகவும், சிலர் ஒரு மனிதரின் முன்னிலையிலும், சிலர் ஓர் இயந்திர மனிதனின் முன்னிலையிலும் செய்தனர். மூன்று நிலைகளிலும் ஏமாற்று நிகழ்ந்தது. தனித்திருந்தோரைவிட மற்ற இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைவாக ஏமாற்றினர். ஆயினும், ஏமாற்றிய பின் எழுந்த குற்ற உணர்வு, மனிதர் முன்னிருந்ததைவிட இயந்திரத்தின் முன் குறைவாகவே இருந்தது.

இவ்வேறுபாடு நாம் சிந்திக்கத்தக்கது. கையைத் தடுக்க இயந்திரத்தின் விழியும் போதும். ஆனால் மனச்சான்றை உறுத்துவதில் அது மனிதரின் முன்னிலைக்கு ஈடாகவில்லை. உரையாடும் கணினி நிரல்கள் பெருகியுள்ள இந்நாளில், கேட்போர் விரும்புவதையே சொல்லும் போக்கு அவற்றிடம் காணப்படுவதை ஆய்வாளர் சுட்டிக்காட்டுகின்றனர். ஹெர்பி கதையை விட்டு வெளியே வந்துவிட்டது எனலாம். அதனைப் பொய்யன் எனப் பழிப்பது எளிது. அதனிடம் எந்த விடையை எதிர்பார்த்துச் சென்றோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வதுதான் கடினம். கால்வின் கேட்கத் தவறிய அக்கேள்வியை வாசகர் கேட்டால், இக்கதை தன் பணியை முடித்ததாகும்.