யார் வீட்டுப் பிள்ளை?

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையைச் சூழ்ந்த குடியிருப்புகளில் வாழும் நம் இறைமக்களிடையே, பிள்ளையின் பிறந்தநாளன்று ஆதரவற்றோர் இல்லமொன்றில் ஒருவேளை உணவு வழங்குவது வழக்கமாகிவிட்டது. பிரியாணி அண்டா வந்திறங்கும். சிறார் வரிசையாய் அமர்வர். கொடுத்தவருக்காகச் செபித்து, வாழ்த்துப் பாடி, ஒளிப்படத்திற்கு நின்றபிறகே கை சோற்றுக்குப் போகும். கொடுப்பவர் நெஞ்சில் கள்ளமில்லை. ஆயினும் இவ்வழக்கத்தைக் குறைகூறாமல் இருக்க இயலவில்லை. நம் வீட்டில் பிள்ளைகள் உண்பதை அந்நியர் வந்து பார்த்து நிற்க விடுவோமா?

இல்லத்தை வீடாக்க முயன்றவற்றுள் உலகறிந்தவை எஸ்.ஓ.எஸ். சிறார் கிராமங்கள். ஹெர்மன் க்மைனர் 1949-இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் தொடங்கிய முயற்சி இது. நமக்கு அருகே தாம்பரத்திலும் உண்டு. நீண்ட கூடமும் படுக்கை வரிசையும் அங்கில்லை. ஒரு வீடு, ஒரு தாய், சில பிள்ளைகள். அடுப்பும் அரிசிப்பானையும் அவ்வீட்டிற்கே உரியவை. உடன்பிறந்தோரைப் பிரிப்பதில்லை என்பது நெறி.

எகிப்து, யோர்தான், லெபனோன் ஆகிய அரபு நாடுகளிலும் இக்கிராமங்கள் எழுந்தன; ஆண்டவர் பிறந்த பெத்லகேமில் 1968-இல். அங்கே பிள்ளைகள் தத்தம் சமயத்திலேயே வளர்க்கப்படுகின்றனர். இசுலாமியச் சட்டத்தில் நம் பொருளிலான தத்தெடுப்பு இல்லை, 'கஃபாலா' உண்டு. பிள்ளையை ஏற்று, ஊட்டி வளர்த்துப் படிக்கவைக்கலாம். அதன் தந்தைவழிப் பெயரை நீக்கித் தம் பெயரைச் சூட்டலாகாது. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் 20-ஆம் பிரிவில் இதைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தந்தை யாரென்றே அறியாத குழந்தைக்கு இம்முறை கடுமையானது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் நம் இல்லங்களின் பழைய பதிவேடுகளை எண்ணும்போது நமக்குக் கூச்சம் உண்டாகிறது. வாசலில் நுழைந்த பிள்ளைக்குப் புனிதர் பெயர் கிடைத்தது. ஊரும் உறவும் பழம்பெயரும் ஏட்டில் ஏறாமலே போனதுண்டு.

2024 மார்ச்சில், காசாவின் ரஃபாவிலிருந்த கிராமத்திலிருந்து 68 சிறார் பெத்லகேமுக்குக் கொண்டுவரப்பட்டனர். போரில் எத்தனையோ இழந்தும் அவர்களுக்கு வீடும் தாயும் மிஞ்சியதற்கு இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

எனினும் வீடு என்ற சொல்லே காவலாகிவிடாது. க்மைனரே சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டுகளை 2025 அக்டோபரில் ஆஸ்திரிய அமைப்பே வெளியிட்டது. துன்புற்றவர்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டிருந்தது. கல்லெறியும் தகுதி நமக்கில்லை. நம் திருச்சபையின் புண்ணும் ஆறவில்லை. புரவலரின் படத்திற்கு மாலையிட்ட இடத்தில், பிள்ளையின் குரலைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. நன்றிப்பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது.

சென்ற தவக்காலத்தில் அன்பர் ஒருவர் மகனின் பிறந்தநாளுக்காக இல்லமொன்றின் முகவரி கேட்டு வந்தார். பணத்தை அம்மாத மளிகைக்கு அனுப்புங்கள், நேரில் போகவேண்டாம் என்றோம். "போகாவிட்டால் என் மகனுக்குப் பிறர் துன்பம் எப்படித் தெரியும், ஃபாதர்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தெரிவிக்கும் பாடப்புத்தகமாக இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நாம் கேட்டோம். அவர் முகவரி வாங்காமலே எழுந்து போனார். பணம் அனுப்பினாரா என்று இன்றுவரை நாம் விசாரிக்கவில்லை.