பூக்காரம்மாவை விரட்டிவிட்டு யாருக்காக நடைபாதை?

தடையற்ற நடைபாதை வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோவை எலும்புமுறிவு மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த வழக்கு அது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நகரத்துக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் இப்போது உரக்கப் பேசுகின்றன: ஆக்கிரமிப்பை அகற்றினால் போதும், நடக்கத்தக்க நகரம் தானாக வந்துவிடுமாம்.

இந்தக் குடிமக்கள் முயற்சிகளால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூடியில்லாத சாக்கடையைப் படமெடுத்து அனுப்பி, மூடும்வரை அதிகாரிகளை விடாமல் துரத்துகிறவர்கள் இவர்கள். சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றதில் தன்னார்வ அமைப்புகளின் பங்கும் உண்டு.

ஆனால் ஆக்கிரமிப்பு என்றதும் இவர்கள் கண்ணில் முதலில் படுவது தள்ளுவண்டிதான். எந்தக் குடியிருப்புத் தெருவிலும் பத்து வீடு நடந்து பாருங்கள். கார் ஏறி இறங்க வசதியாக ஒவ்வொரு கேட்டின் முன்னும் பிளாட்பாரத்தை வெட்டிச் சரிவு போட்டிருப்பார்கள். அடுத்து பூந்தொட்டி, ‘நோ பார்க்கிங்’ பலகை, வாட்ச்மேன் நாற்காலி, வரிசையாகப் பைக்குகள். இத்தனைக்கும் நடுவில் சுவரோரம் மூன்றடியில் கூடையோடு உட்கார்ந்திருப்பார் பூக்காரம்மா. புகார் அவர் மேல்தான் போகும். ஒரே போனில் அப்புறப்படுத்த முடிந்தது அவரை மட்டும்தானே!

பாதுகாப்பு என்று வேறு பேசுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்ணுக்குத் துணை எது? திறந்திருக்கும் டீக்கடையும் இஸ்திரி வண்டியும்தான். தெருவைக் காப்பது தெருவைப் பார்க்கும் கண்களே என்று நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே சொல்லிவிட்டார். அந்தக் கண்களை அப்புறப்படுத்திவிட்டு கேமரா மாட்டுகிறோம். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், ஓடி வராது.

சக்கர நாற்காலிக்கு வழி வேண்டாமா என்பார்கள். கட்டாயம் வேண்டும். நடக்க மட்டும் 1.8 மீட்டர் விட்டுவிட்டு, மரத்துக்கும் கடைக்கும் தனிப் பட்டை ஒதுக்கச் சொல்கிறது சாலைகளுக்கான தரம் வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவை (IRC). அந்த இடத்துக்காகக் கார் நிறுத்தும் இடத்தைக் கேட்க வேண்டும். அங்கேதான் நம் ஆர்வலர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சென்னை பாண்டி பஜாரில் 2013-இல் நடைபாதை வியாபாரிகளைக் கட்டடத்துக்குள் ஏற்றினார்கள். 2019-இல் அதே சாலையில் நடைபாதை வளாகம் திறந்து கைதட்டிக்கொண்டோம். வளையலும் சீப்பும் வாங்கவே அந்தத் தெருவில் நடந்தவர்கள் யார் கணக்கில் வருவார்கள்?

கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத இடமும் தருகிறது. நலச்சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி உண்டா? பொதுநலம் என்ற பெயரில் நடப்பது வீட்டு முற்றத்தைத் தெருவரை நீட்டிக்கொள்ளும் வேலை. அடுத்த புகாரைச் சொந்தக் கேட்டின் முன்னுள்ள சரிவின் மீது எழுதட்டும். ‘அனைவருக்குமான நகரம்’ என்ற பேச்சை அப்போது நம்பலாம்.