ஹெட்போன் மேம்பாடு: மாற்றி, மின்வழங்கி, காது மெத்தை

கையில் இருக்கும் ஹெட்போனை மாற்றாமல், அதனோடு சேரும் பொருள்களை மாற்றி ஒலியை உயர்த்த முயல்வது ஹெட்போன் மேம்பாடு எனப்படுகிறது. டாக் என்று அழைக்கப்படும் எண்ணிம–ஒப்புமை மாற்றி, பெருக்கி, இவற்றுக்கு மின்சாரம் தரும் மின்வழங்கி, கேபிள், காது மெத்தை ஆகியவை இதில் அடங்கும். இவற்றைப் பரிந்துரைக்கும் விமர்சனங்களும் காணொலிகளும் இணையத்தில் ஏராளம். மாணவர்கள் பலர் முதல் நல்ல ஹெட்போனை வாங்கிய சில மாதங்களில் இவற்றைப் படித்துவிட்டு, ஹெட்போனைவிட அதிக விலையுள்ள பெட்டிகளைத் தேடத் தொடங்குகிறார்கள்.

இசைக் கோப்பு கைபேசியிலோ கணினியிலோ வெறும் எண்களாக இருக்கிறது. மாற்றி அந்த எண்களை மின்னழுத்த அலையாக்குகிறது. பெருக்கி அதற்கு வலு சேர்க்கிறது. ஹெட்போனுக்குள் இருக்கும் டிரைவர் அதைக் காற்றின் அசைவாக்குகிறது. காது மெத்தை அந்தக் காற்றைக் காதோடு சேர்த்து அடைத்து வைக்கிறது. மேம்பாட்டு ஆலோசனைகள் பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலிருந்து தொடங்கும். ஊற்று கலங்கியிருந்தால் ஆறு எப்படித் தெளியும் என்பது அவற்றின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கண்ணியும் இன்று எவ்வளவு கலங்கலைச் சேர்க்கிறது என்று அளந்து பார்த்தால், செலவு செய்யச் சொல்லப்படும் வரிசையும் ஒலி மாறும் வரிசையும் ஏறக்குறைய தலைகீழாக இருக்கின்றன.

மாற்றி

மாற்றியின் மீதான அக்கறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது அதன் தரநிலை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அந்தத் தரத்தை வீட்டுக் கருவியில் எட்டுவது அன்று எளிதாக இல்லை. பிலிப்ஸின் முதல் குறுந்தகட்டுக் கருவியில் இருந்தது 14 பிட் மாற்றிதான். மிகை மாதிரியெடுப்பு என்னும் உத்தியால் அது 16 பிட் தரத்தைத் தொட்டது. நல்ல மாற்றி என்பது அப்போது அரிதான, விலையுயர்ந்த பொருள். அந்தக் காலத்து அறிவுரை இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது. பொருளின் நிலைதான் மாறிவிட்டது.

16 பிட் பதிவில் மிக உரத்த ஒலிக்கும் இரைச்சலின் தரைக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி உண்டு. இரவில் அமைதியான அறையிலேயே 30 டெசிபெல் அளவுக்குச் சத்தம் இருக்கும். அதற்குமேல் 96 டெசிபெல் என்றால் காது வலிக்கும் எல்லையைத் தாண்டிவிடும். ஆப்பிள் நிறுவனம் 2018இல் 9 டாலர் விலையில் விற்கத் தொடங்கிய யு.எஸ்.பி.–சி ஹெட்போன் இணைப்பியில், இரைச்சலும் உருக்குலைவும் இசைக்கு ஏறத்தாழ 100 டெசிபெல் கீழே இருப்பதாக அளவீடுகள் காட்டின. சுண்டு விரல் நீளத்துக்குச் சற்றே கூடுதலான அந்தக் கேபிளுக்குள் மாற்றி, பெருக்கி இரண்டும் அடங்கியுள்ளன. இதைவிடச் சிறந்த எண்களைத் தரும் மாற்றிகள் உண்டு, சந்தேகமில்லை. 100 என்பது 120 ஆவதை அளவுமானி காணும். இசை ஓடிக்கொண்டிருக்கும்போது காது காணும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு.

இவ்விடத்தில் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். பிராட் மெயர், டேவிட் மோரன் இருவரும் 2007இல் ஆடியோ பொறியியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவுப் பதிவின் வழியில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாற்றியொன்றை இடையில் செருகியும் எடுத்தும் கேட்கச் செய்தனர். எது எதுவென்று தெரியாமல் நடந்த 554 முயற்சிகளில் சரியான விடை 276. காசு சுண்டிப் போட்டாலும் இதே விடைதான் வந்திருக்கும். அந்த ஆய்வில் பயன்பட்ட தட்டுகள் சிலவற்றின் மூலப் பதிவே உயர் தெளிவு கொண்டதல்ல என்ற ஆட்சேபம் பின்னர் எழுந்தது. அது நியாயமான ஆட்சேபம். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து, கேட்போர் 52 விழுக்காடு அளவில் சரியாகச் சொன்னதாகக் கண்டார். பயிற்சி பெற்றவர்களிடம் அது 60ஐ ஒட்டி உயர்ந்தது. ஆக, வேறுபாடு அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற காதுகளும் பத்தில் நான்கு முறை தவறவிடும் ஒன்றை, ‘திரை விலகியது’, ‘பின்னணி கரிய பட்டுபோல ஆயிற்று’ என்று முதல் பாட்டிலேயே எழுதும் விமர்சன நடைக்கு இந்த எண்களில் இடமில்லை.

அப்படியானால் புதிய மாற்றியை வாங்கியவர்கள் கேட்டதாகச் சொல்வது என்ன? அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்கள் கேட்டது ஒலியளவின் வேறுபாடு. ஒரு மாற்றி 2 வோல்ட், மற்றொன்று 2.1 வோல்ட் வெளியிட்டால் வேறுபாடு 0.4 டெசிபெல். அதை ‘சத்தம் கூடியது’ என்று மனம் உணர்வதில்லை; ‘தெளிவு கூடியது’ என்றே உணர்கிறது. சமநிலை வெளியீடு எனப்படும் நான்கு முனை இணைப்பில் மின்னழுத்தம் வழக்கமாக இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபெல். அந்த இணைப்பின் புகழில் பெரும் பங்கு இந்த 6 டெசிபெல்லுக்கே உரியது. வோல்ட்மானி வைத்துச் சமப்படுத்தாமல் எழுதப்படும் ஒப்பீடுகளை இதனால் சான்றாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை; அப்படிச் சமப்படுத்தியதாகச் சொல்லும் விமர்சனங்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

சில்லின் பெயரை வைத்து ஒலியைச் சொல்வதும் இந்த வகைதான். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்காவிலிருந்த ஏ.கே.எம். நிறுவனத்தின் ஆலை தீக்கிரையானது. மாற்றிச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்து, பல கருவிகள் இ.எஸ்.எஸ். முதலிய வேறு சில்லுகளுக்கு மாற்றி வடிவமைக்கப்பட்டன. நல்ல வடிவமைப்பாளர்கள் எந்தச் சில்லிலும் நல்ல கருவியைச் செய்தார்கள். இ.எஸ்.எஸ். சில்லுகளைக் கவனமின்றிப் பொருத்தினால் நடுத்தர ஒலியளவில் உருக்குலைவு சற்றே மேடுகட்டும் என்பது அளவீட்டாளர்களிடையே பரவலாகத் தெரிந்த குறை. சுற்றுப் பாகங்களைத் திருத்தினால் அந்த மேடு மறைகிறது.

மின்வழங்கி

மேம்பாட்டுப் பேச்சில் அதிகம் மிகைப்படுத்தப்படுவது மின்வழங்கி. நேரியல் மின்வழங்கி கனமான மின்மாற்றியைக் கொண்டு வேலை செய்வது. கைபேசிச் சார்ஜர் போன்ற ஸ்விட்ச் முறை வழங்கியோ மின்சாரத்தை மிக விரைவாக வெட்டி வெட்டிச் சீராக்குகிறது. இரண்டாவது வகை ‘அழுக்கானது’ என்பது விளம்பரங்களின் வாசகம். ஆனால் அது உண்டாக்கும் எச்சம் பெரும்பாலும் காது எட்டாத அதிர்வெண்களில் இருக்கிறது. நேரியல் வழங்கியின் எச்சமோ 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும், காது நன்றாகக் கேட்கும் இடத்திலேயே அமைகிறது. இரண்டையும் அடக்குவதற்கான சீராக்கிகள் மாற்றியின் உள்ளேயே இருக்கின்றன. அவை தம் வேலையைச் செய்தால் வெளியே எது இருந்தாலும் கவலையில்லை. செய்யாவிட்டால் அது கோளாறுள்ள மாற்றி. அதற்கு இன்னொரு பெட்டி வாங்கி முட்டுக்கொடுப்பது விந்தையான சிகிச்சை.

உண்மையான மின்சாரத் தொல்லை ஒன்று உண்டு. மடிக்கணினியில் சார்ஜரைச் செருகியதும் ரீங்காரம் எழும், சுட்டியை நகர்த்தினால் கிறீச்சிடும். இது தரைச் சுற்று. கணினிக்கு ஒரு மின்இணைப்பு, பெருக்கிக்கோ ஸ்பீக்கருக்கோ வேறொரு மின்இணைப்பு, இரண்டுக்கும் நடுவே ஒலிக் கேபிள் என்று வளையம் மூடும்போது தேவையற்ற மின்னோட்டம் அதன் வழியே ஓடுகிறது. சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டியதும் சத்தம் நின்றால் நோய் எதுவென்று தெரிந்துவிடும். தனித்தனி மின்இணைப்பில் ஓடும் கருவிகளை ஒரே பலகையிலிருந்து எடுப்பது, ஒளியிழை இணைப்புக்கு மாறுவது, தனிமைப்படுத்தும் சாதனம் ஒன்றை இடையில் வைப்பது ஆகியவை இதற்கு மருந்து. யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறு மாற்றியில் ஹெட்போனை மட்டும் செருகிக் கேட்பவருக்கு வளையமே இல்லை. ஹெட்போனின் மறுமுனை தலையில்தான் இருக்கிறது, சுவரில் இல்லை. அவருக்கு விலையுயர்ந்த மின்வழங்கியைப் பரிந்துரைப்பதற்குப் பொறியியல் காரணம் காண்பது கடினம்.

பெருக்கி

பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு மட்டும் கவனிக்கத் தக்கது. சென்ஹைசர் எச்.டி. 600, எச்.டி. 650 ஆகியவற்றின் மின்மறுப்பு 300 ஓம் என்று குறிக்கப்பட்டாலும், தாழ்ந்த அதிர்வெண்களில் அது 500 ஓம் வரை எழும். 120 ஓம் வெளியீடு கொண்ட பழைய பெருக்கியில் செருகினால் அந்த இடத்தில் ஒலி ஏறத்தாழ 1 டெசிபெல் கூடும். மின்மறுப்பு 10 ஓமுக்கும் 40 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் உட்காதுக் கருவிக்கு 10 ஓம் வெளியீடே 4 டெசிபெல் மாற்றத்தைக் கொண்டுவரும். இது யாருக்கும் கேட்கும். வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியைப் பரப்பியவர் என்.டபிள்யூ.ஏ.வி.கய் என்ற புனைபெயரில் எழுதியவர். 2011இல் ஓ2 என்ற பெருக்கியின் முழு வரைபடத்தையும் எவரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டுவிட்டு, 2012க்குப் பின் எழுதுவதையே நிறுத்திக்கொண்டார். மற்றபடி பெருக்கியிடம் வேண்டியது போதுமான மின்னழுத்தம். 1 வோல்ட்டில் எச்.டி. 650 தருவது 103 டெசிபெல். ஐரோப்பாவில் விற்கப்பட்ட ஆப்பிள் இணைப்பி 0.5 வோல்ட்டோடு நிற்பதால் அங்கே 6 டெசிபெல் குறையும். மெல்லப் பதிவான செவ்விசையைக் கேட்பவருக்கு அது போதாமல் போகலாம்.

காது மெத்தை

பலரும் கடைசியில் நினைவுகொள்ளும் காது மெத்தைதான் ஒலியை அதிகம் மாற்றுவது. காரணம் எளிது. மற்றவை மின் அலையைத் தொடுகின்றன. மெத்தை காற்றைத் தொடுகிறது. டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தொலைவு, உள்ளே அடைபடும் காற்றின் கன அளவு, வெளியே கசியும் காற்றின் அளவு, உள்சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. மூடிய ஹெட்போனில் கசிவு சிறிது இருந்தாலும் தாழ்சுருதி சரிந்துவிடும். மூக்குக் கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும்போது நடப்பதும் இதுவே. புதிய மாற்றியை வாங்கிவிட்டு ‘பேஸ் இன்னும் போதவில்லை’ என்று வருந்தும் கண்ணாடிக்காரர், கண்ணாடியை ஒரு நிமிடம் கழற்றிவிட்டு அதே பாட்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

மெத்தையின் வலிமைக்குச் சிறந்த சான்று ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்.பி. இந்த ஜப்பானிய ஸ்டுடியோ ஹெட்போனின் தட்டை டிரைவரில் திறமை ஒளிந்திருப்பதை ஆர்வலர்கள் கண்டனர். கிண்ணத்துக்குள் பஞ்சும் களிமண்ணும் வைத்தார்கள். காற்றுத் துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்தார்கள். மெல்லிய மெத்தையை எடுத்துவிட்டு ஷூர் நிறுவனத்தின் வேறொரு ஹெட்போனுக்குரிய தடித்த மெத்தையைப் பொருத்தினார்கள். டிரைவரை யாரும் தொடவில்லை. ஒலியோ அடையாளம் தெரியாமல் மாறியது. டான் கிளார்க்கின் மிஸ்டர்ஸ்பீக்கர்ஸ் நிறுவனம் இப்படித் திருத்திய டி50ஆர்.பி.யையே மேட் டாக் என்ற பெயரில் விற்றது. மெத்தையும் அடைப்பும் ஒரு நிறுவனத்தின் தொடக்கத்துக்கே போதுமானவையாக இருந்தன.

மாற்றும் என்பதால் மேம்படுத்தும் என்று பொருளில்லை. இதில்தான் மெத்தை விற்பவர்களின் விளம்பரமும் சறுக்குகிறது. ஆட்டுத்தோல், குளிரூட்டும் ஜெல் என்ற பெயர்களில் வரும் மெத்தைகள் அணிவதற்கு இதமாக இருக்கலாம். ஆனால் எச்.டி. 600 வெல்வெட் மெத்தையோடு சேர்த்தே சுருதி கூட்டப்பட்டது. அதில் தோல் மெத்தையைப் போடுவது வீணையின் மெட்டுகளை நகர்த்தி வைப்பதைப் போன்றது. கிராடோ ஹெட்போன்களில் தட்டை, கிண்ண வடிவ நுரைகளை மாற்றிப் போட்டவர்கள் தாழ்சுருதியும் மேல்சுருதியும் ஒருசேரத் தடம் மாறுவதை அறிவார்கள்.

பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது வேறு மெத்தை அல்ல, அதே மெத்தையின் புதிய பிரதி. நுரை நாளடைவில் அமுங்கி, காது டிரைவரை நெருங்குகிறது. ஒலியின் விகிதம் மெல்ல மாறுகிறது. தினமும் கேட்பவருக்கு அது தெரிவதே இல்லை. செயற்கைத் தோல் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் சிதைந்து உதிரும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் இது இன்னும் விரைவு. ஹெட்போன் ‘களைத்துவிட்டது’ என்று நினைத்து மாற்றியையும் பெருக்கியையும் தேடுபவர்களில் எத்தனை பேர் தங்கள் மெத்தையின் தடிமனைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள்?

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பற்றிய ஓர் அளவீடும் இங்கே பொருந்தும். யெரூன் பிரேபார்ட் 2017இல் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் பதிலை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை என்று வெளியிட்டார். ஹெட்போனுக்கே இந்த நிலை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் நடத்திய கேட்புச் சோதனைகளில் பெரும்பாலோர் விரும்பியது ஒரே மாதிரியான அதிர்வெண் சமநிலை. அதை நோக்கிக் கருவியை நகர்த்த, கணினியில் இயங்கும் இலவசச் சமன்படுத்தி போதும். மேம்பாட்டுப் பட்டியல்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை, விற்க அதில் ஒன்றுமில்லை. அதற்கும் எல்லை உண்டு. கசியும் மெத்தை ஒவ்வொரு முறை அணியும்போதும் வேறு அளவில் கசிவதால், அதன் தாழ்சுருதியை எண்களால் நிரந்தரமாக ஈடுசெய்ய முடியாது. முதலில் மெத்தையை மாற்றி, பிறகு சமன்படுத்தியைத் தொடுவதே முறை. பழைய மெத்தையை உடனே எறிந்துவிடாமல் ஒரு காதில் பழையதும் மறு காதில் புதியதுமாகப் பொருத்தி, ஒற்றைத் தடப் பதிவு ஒன்றை ஓடவிட்டால் குரல் நடுவிலிருந்து ஒரு பக்கம் சாய்வது கேட்கும்.