இருபது ஆண்டு கழித்து ஆடும் அணி

1957-ல் ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனத்தின் நிர்வாகம் தன் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட்டுக்கு அனுப்பிய உத்தரவில் குழப்பமே இல்லை: கிரேஞ்ச் என்ற சிவப்பு ஒயினின் தயாரிப்பை நிறுத்து. சிட்னியில் ஒயின் ஞானம் உள்ளவர்களைக் கூட்டிச் சுவைக்கக் கொடுத்தபோது பெரும்பாலோர் முகம் சுளித்திருந்தார்கள். விற்காத சரக்கு நிலவறையில் தேங்கிக் கிடந்தது.

அவர்கள் நாக்கில் கோளாறு இல்லை. சுவைத்த நேரம்தான் தவறு.

ஷூபர்ட் 1931-ல் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 1948-ல் தலைமை ஒயின் தயாரிப்பாளரானவர். ஷெர்ரி செய்முறையைப் பார்த்துவர 1950-ல் அவரை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணத்தில் பிரான்சின் போர்தோவையும் எட்டிப் பார்த்தார். அங்கே கிறிஸ்டியன் க்ரூஸ் என்ற வணிகர் நாற்பது, ஐம்பது வயதான ஒயின்களைத் திறந்து ஊற்றினார். அத்தனை வயதிலும் அவை உயிரோடு இருந்தன! குறைந்தது 20 ஆண்டு நிற்கும் ஓர் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்.

போர்தோவை அப்படியே நகலெடுக்க வழியில்லை. அங்கே முக்கியமான கபெர்னே சாவின்யோன் திராட்சை தெற்கு ஆஸ்திரேலியாவில் அன்று அரிது. ஷிராஸ் தாராளமாகக் கிடைத்தது. 1951-ல் அடிலெய்டை ஒட்டிய மகில் தோட்டத்து ஷிராஸையும் தெற்கே மார்ஃபெட் வேலில் விளைந்ததையும் சேர்த்தார். நொதிக்கும்போது தோல் மேலே மிதந்து வந்துவிடும். தொட்டிக்குள் பலகை போட்டு அதைச் சாற்றுக்குள்ளேயே அமுக்கி வைத்தார். சூட்டைக் கட்டுப்படுத்தி, நொதித்தலை 12 நாள்வரை இழுத்தார். சர்க்கரை முழுவதும் தீருமுன்பே புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களுக்கு மாற்றினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே ஒயினைப் பழைய பெரிய பீப்பாயிலும் வைத்திருந்தார். ஒரே மாதத்தில் இரண்டும் வெவ்வேறு ஒயின்களாகிவிட்டன.

பிறகு வந்த கிரேஞ்சுகளில் பரோசா, மெக்லாரன் வேல், கூனவாரா என்று திராட்சை பல வட்டாரங்களிலிருந்து வந்தது. ஒவ்வொரு தோட்டத்துச் சரக்கையும் தனித்தனியே வளர்த்து, பெயரை மறைத்துச் சுவைத்து, தேறியதை மட்டும் கலவைக்கு எடுக்கிறார்கள். ஊர் பார்க்காமல், பழைய சாதனை பார்க்காமல், இன்றைய ஃபார்மை மட்டும் பார்த்து அணி எடுப்பதைப் போன்ற வேலை இது. கபெர்னேவுக்குக்கூட நிரந்தர இடம் கிடையாது. பல ஆண்டுகளில் சில சதவீதம் சேரும். 2000-ல் அதுவும் இல்லை, முழுக்க ஷிராஸ். ஒரே தோட்டத்தின் மண்வாசனைதான் உயர்ந்தது என்று வாதிடும் பிரெஞ்சு மரபை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் மழை தப்பினால் அந்த ஆண்டே போச்சு. இந்த வழக்கில் நான் ஷூபர்ட் கட்சி.

இப்படிச் சேர்த்த ஒயின் இளமையில் முரடாகத்தான் இருக்கும். துவர்ப்பும் ஓக் வாடையும் முன்னால் முட்டிக்கொண்டு நிற்கும். இவை அடங்கிப் பழம் மேலே வருவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சிட்னிக்காரர்கள் முதல் ஓவரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. பென்ஃபோல்ட் குடும்பத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்டின் துணையோடு 1957, 58, 59 மூன்று அறுவடைகளையும் மகில் நிலவறையில் ரகசியமாகச் செய்தார். புதுப் பீப்பாய் வாங்கப் பணம் கேட்க முடியாத நிலை, பழையவற்றையே பயன்படுத்தினார். ஓக்கின் பங்கு குறைந்துபோன அந்த மூன்றையும் அவருடைய உச்ச ஆட்டத்தோடு வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் சங்கிலி அறுபடவில்லை.

இதற்குள் பழைய புட்டிகள் கனிந்துவிட்டன. திரும்பச் சுவைத்த நிர்வாகம் 1960-ல் தடையை நீக்கியது. 1955 கிரேஞ்ச் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தங்கப் பதக்கங்களைக் குவித்தது. 1979-ல் பாரிஸில் கோ-மியோ இதழ் நடத்திய ஒயின் ஒலிம்பிக்ஸில் ஷிராஸ் பிரிவில் முதலிடம் 1971 கிரேஞ்சுக்கு. ஷிராஸின் தாய்மண்ணான ரோன் பள்ளத்தாக்கு இருக்கும் நாட்டிலேயே வாங்கிய வெற்றி. அப்போது அதற்கு வயது எட்டுதான்.